திருத்தத்தைப் படியுங்கள், தம்பி

வண்டிப்பெரியாறிலிருந்து எழுதிய தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பாலக்காட்டு வெயிலைச் சாக்குச் சொல்லலாம். கொழிஞ்சாம்பாறையில் மதியத்தில் பனைமரத்து நிழல்கூடச் சுடுகிறது. ஆனால் தாமதத்துக்கு வெயில் காரணமில்லை. நீங்கள் கேட்டது மேலுக்குச் சின்னக் கேள்விதான். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், என் இருபது வருடப் பிழைப்புக்குக் கணக்குக் கேட்கிறீர்கள் என்று புரிந்தது.

எங்கள் பக்கத்தில் தம்பி என்று கூப்பிட்டாலும் ‘வாங்க, போங்க’தான். ‘நீங்கள்’ என்று எழுதுவதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கதை எழுத ஆசை. எஸ்டேட் லயத்து வீட்டில் புத்தகம் கிடையாது, பக்கத்தில் நல்ல நூலகமும் இல்லை. இருப்பது ஒரு போன். அதில் வருவதெல்லாம் பொய் என்று உங்கள் வாத்தியார் சொல்கிறார். அப்படியானால் எனக்கு விஷயம் எங்கிருந்து கிடைக்கும், உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் போனிலிருந்துதான் கிடைக்கிறது. முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன். சுஜாதா காலத்து எழுத்தாளன் நானில்லை. அவர் பொறியாளர், பெங்களூரில் வேலை. வாசகர்கள் தபாலில் கேட்ட சந்தேகங்களுக்கு ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று பதில் எழுதிய மனிதர். என்னிடம் இருந்தது எடைக்கு வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகைகள், அதிலும் பாதிப் பக்கம் கிழிந்தவை. ஃபேஸ்புக் வந்த பிறகுதான் எனக்கும் உலகத்துக்கும் ஒரே நாளில் ஒரே செய்தி வர ஆரம்பித்தது. உங்கள் வாத்தியார் சொல்வதும் தப்பில்லை. அங்கே வருவதில் பெரும்பகுதி குப்பைதான். ஆனால் அந்தக் குப்பைக்குக் கீழே நடக்கிற சண்டையை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

ஒரு மீனிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2018 ஆகஸ்ட் வெள்ளம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். செறுதோணி அணையில் 26 வருடத்துக்குப் பிறகு ஷட்டர் திறந்த வருடம். அந்த வெள்ளம் வடிந்த சமயத்தில் மலப்புறம் மாவட்டத்தில், வேங்கரைப் பக்கம் ஒரு வயலில், ஒருவர் விநோதமான மீனைப் பார்த்தார். விரல் நீளத்துக்குச் சற்று அதிகம், செம்பழுப்பு நிறம், விலாங்கு மாதிரி உடம்பு. படம் எடுத்து, இது என்ன மீன் என்று சமூக ஊடகத்தில் போட்டார். வழக்கமாக இப்படிப்பட்ட படத்துக்கு என்ன நடக்கும்? பாம்பு என்பார் ஒருவர், அணுக்கழிவின் விளைவு என்பார் இன்னொருவர், உலகம் அழியப்போகிறது என்பார் மூன்றாமவர். இந்தப் படம் நல்ல காலமாகக் கொச்சியில் கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ராஜீவ் ராகவன் கண்ணுக்குப் போனது. அவரிடமிருந்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்போது இருந்த ரால்ஃப் பிரிட்ஸிடம் போனது. அடுத்த வருடம் அதற்குப் பெயர் வைத்தார்கள்: ஏனிக்மாசன்னா கோலம். நம் வாசலில் போடும் கோலம் இல்லை. டோல்கீன் கதையில் பாதாளக் குகையில் பதுங்கி வாழ்கிற அந்தப் பிராணியின் பெயர்.

2020இல் இன்னொரு திருத்தம் வந்தது. இது விரால் குடும்பத்தில் ஒரு புது இனம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். எலும்பையும் மரபணுவையும் பார்த்த பிறகு, இல்லை, இது தனிக் குடும்பம், விராலிடமிருந்து பிரிந்தே பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று எழுதினார்கள். இந்தியா இன்னும் கோண்ட்வானாவோடு கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. டைனோசர்கள் மேலே அழிந்துபோனதை அறியாமல், செம்பாறைக்கு அடியில் ஓடும் நீரில், இருட்டில், ஒரு வம்சம் தன் பாட்டுக்கு இருந்திருக்கிறது. வெள்ளம் அதைத் தூக்கி வயலில் போட்டது. ஒரு போன் அதைத் தூக்கி உலகத்தில் போட்டது.

அதே 2019இல், பத்தனம்திட்டைப் பக்கத்துக் கிணற்றில் கிடைத்த இதன் உறவுக்கார மீனுக்கு வேறு ஒரு குழு ‘மகாபலி’ என்று பெயர் வைத்தது. ஒரே பாதாளம். ஒருவருக்கு இங்கிலாந்துக் கதை ஞாபகம் வருகிறது, இன்னொருவருக்கு ஓணம் ஞாபகம் வருகிறது. கதைக்காரனுக்கு இது போதாதா? நான் அந்த மீன்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவற்றுக்குப் பெயர் வைத்த இரண்டு குழுக்களைப் பற்றி எழுதினேன்.

கேரளத்துக் கிணறுகளின் கதை இதோடு முடியவில்லை. குளிக்கிற தண்ணீரில் சிவப்பு நூல் மாதிரி நெளிந்ததை செங்கன்னூர்க்காரர் ஒருவர் எடுத்து வைத்துக் கொடுத்தார். அது பாங்கியோ பாதாளா என்ற புது மீனானது. ஹாலிவுட் நடிகர் டிகாப்ரியோ 2023இல் இன்ஸ்டாகிராமில் அதைப் பற்றிப் போட்ட பிறகுதான் நம்மூர்ப் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன என்பது தனி வேதனை. அதே 2023இல் கண்ணில்லாத கெளுத்தி ஒன்றுக்கு ஹோராக்ளானிஸ் பாப்புலி என்று பெயர் வந்தது. பாப்புலி என்றால் மக்களுடையது. ஆறு வருடம் ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராகச் சுற்ற, ஜனங்கள் தங்கள் கிணற்றிலும் தொட்டியிலும் கண்டதைச் சொல்லி அனுப்ப, அப்படிக் கிடைத்த மீனுக்கு அந்த ஜனங்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்தக் கெளுத்திப் பேரினம் எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேதான் உண்டு. கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. கொஞ்சம் பொறாமைதான்.

இப்போது சிவப்பு மழை. நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அப்பாவையோ அம்மாச்சியையோ கேளுங்கள். 2001 ஜூலை 25 தொடங்கி செப்டம்பர் வரை, கோட்டயம், இடுக்கிப் பகுதிகளில் அவ்வப்போது ரத்த நிறத்தில் மழை பெய்தது. காய வைத்த வெள்ளை வேட்டியெல்லாம் கறை பட்டது. முதல் மழைக்குச் சற்று முன்னால் சங்ஙனாசேரியில் இடி மாதிரிச் சத்தமும் வெளிச்சமும் இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் மையம், விண்கல் ஒன்று வெடித்துச் சிதறியிருக்கலாம் என்று முதலில் சொன்னது. சில நாளிலேயே அதே மையம் தன் வாக்கை மாற்றிக்கொண்டது: நுண்ணோக்கியில் பார்த்தால் இது தூசு இல்லை, வித்துகள் மாதிரி இருக்கிறது. மழைநீரின் மாதிரி பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. அங்கே வளர்த்துப் பார்த்தார்கள். நவம்பரில் அறிக்கை வந்தது. ட்ரென்டெபோலியா என்ற பாசியின் வித்துகள். பூஞ்சையோடு கூடிப் பாறைப்பாசியாக வாழக்கூடியது.

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்து காட்ஃப்ரி லூயிஸும் சந்தோஷ் குமாரும் 2003இல், அச்சிதழ்களுக்காகக் காத்திருக்காமல், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆர்க்சிவ் தளத்தில் கட்டுரை போட்டார்கள். இவை பூமிக்கு வெளியே இருந்து, வால்நட்சத்திரத் துண்டோடு வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று வாதம். 2006இல் அது ஆய்விதழிலும் வந்துவிட்டது. இலங்கையில் பிறந்த சந்திரா விக்ரமசிங்க, உயிர் விண்வெளியிலிருந்து மழை மாதிரி பெய்தது என்று ஃபிரெட் ஹாயிலோடு சேர்ந்து காலமெல்லாம் வாதாடியவர், இவர்களோடு கைகோத்தார். உலகம் முழுக்கச் செய்தியானது. 2013இல் மலையாளத்தில் ‘ரெட் ரெயின்’ என்று ராகுல் சதாசிவன் இயக்கிய அறிவியல் புனைவுப் படம்கூட வந்தது. பிறகு ‘பிரமயுகம்’ எடுத்தாரே, அவர்தான்.

வேற்றுக்கிரகவாசிகள் இடுக்கி மழையில் வந்தார்கள் என்பது கதைக்கு எவ்வளவு வசதி! நானும் எழுதத் தொடங்கினேன். இருபது பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு ஒரு நாள் அந்தச் செய்தியை யாரோ மறுபடி பகிர்ந்ததன் கீழே, ஒருவர் எரிச்சலோடு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 2015 கட்டுரையைப் படித்தீர்களா? போய்ப் படித்தேன். மரபணுவை வைத்துப் பார்த்ததில், கேரளத்துச் சிவப்பு மழைக்குக் காரணமான பாசி ட்ரென்டெபோலியா அனுலேட்டா என்ற ஐரோப்பிய இனம். ஆஸ்திரியாவிலிருந்து அறியப்பட்டது. மேகத்தில் ஏறி அரபிக்கடல் தாண்டி வந்திருக்கலாம் என்று அந்தக் கட்டுரை ஊகிக்கிறது.

இருபது பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். வானத்திலிருந்து வந்தவன் என்றால் அவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். கதையில் எதுவும் நடக்கலாம், ஆகவே எதற்கும் கனம் இருக்காது. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துப் பாசி ஒன்று மேகத்தில் ஏறி, விசா இல்லாமல் ஏழாயிரம் கிலோமீட்டருக்குமேல் வந்து, ஒரு ரப்பர் தோட்டத்துக்காரன் வேட்டியில் இறங்கியது என்றால் கேள்வி மேல் கேள்வி வருகிறது. மேகத்துக்குள் உயிர் எத்தனை நாள் தாங்கும்? போகிற வழியில் வேறு எங்கே இறங்கியது? நம் ஊர்ப் பாசி எந்த ஊருக்குப் போயிருக்கிறது? உங்கள் லயத்துச் சுவரிலும் மரப்பட்டையிலும் ஆரஞ்சு நிறத்தில் கம்பளி மாதிரி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் பெரும்பாலும் ட்ரென்டெபோலியா வகைதான். பச்சைப் பாசிக் குலம், ஆனால் காரட்டில் இருக்கிற மாதிரி நிறமி நிறைந்து சிவந்து தெரிகிறது. விண்வெளிக் கதையில் இதைச் சொல்ல இடமிருக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு வழக்கம் பிடிபட்டது. பதிவைக் கண்டதும் கதை யோசிக்க மாட்டேன். அதற்குத் திருத்தம் வருகிற வரை காத்திருப்பேன். ‘இது அது இல்லை’ என்று யாராவது சொல்கிற இடத்தில்தான் அறிவியல் தன் வேலையைச் செய்கிறது. என் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. திருத்தம் வராத பதிவு பெரும்பாலும் பொய், அல்லது யாருக்கும் அக்கறையில்லாத உண்மை.

இது தெரியாத காலத்தில் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். 2022 அக்டோபரில் சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தது. வாட்ஸ்அப் முழுக்க நீலம். மூணாறு, இரவிகுளத்தில் 2018இல் பூத்தாயிற்று, அடுத்தது 2030தான். அப்படியிருக்க, குறிஞ்சிக்குக் கணக்குத் தப்பிவிட்டது, பூமி சூடானதன் அறிகுறி இது என்று ஒரு பதிவு சுற்றியது. நான் ஒரே ராத்திரியில் கதை எழுதினேன்: காலத்தை மறந்த பூ, அதைப் பார்த்துத் தன் வயதை மறந்த கிழவர். பளியர்கள் குறிஞ்சி பூத்ததை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள் என்று சொல்வதுண்டல்லவா, அதை வைத்து. சிறுபத்திரிகை ஒன்றில் வந்தது. பாராட்டும் வந்தது.

பதினைந்து நாள் கழித்துத் தாவரவியல் ஆசிரியை ஒருவரிடமிருந்து குறுஞ்செய்தி. ‘கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கள்ளிப்பாறைக் குறிஞ்சி எதையும் மறக்கவில்லை. ஒவ்வொரு மலைக்கும் அதனதன் பன்னிரண்டு வருடக் கணக்கு உண்டு. நீங்கள்தான் மூணாறுக் காலண்டரைக் கள்ளிப்பாறையில் மாட்டிவிட்டீர்கள்.’ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சரியும்தான். குறிஞ்சிக் குலத்தில் இனங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கெடு. நீலக்குறிஞ்சியே மலைக்கு மலை வேறு வருடத்தில் பூக்கும். பூத்துக் காய்த்து அந்தத் தலைமுறை முழுவதும் செத்துப்போகும். எல்லாம் ஒரே சமயத்தில் விதைத்தால், தின்னுகிற பூச்சியும் எலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு செடி பன்னிரண்டு வரை எப்படி எண்ணுகிறது? மூளை இல்லை, நாட்காட்டி இல்லை. பக்கத்து மலைக்காரி நான்கு வருடம் தள்ளி எண்ணுகிறாள் என்பது இவளுக்குத் தெரியவும் தெரியாது. பக்கத்துப் பக்கத்து மலைகள், ஆளுக்கொரு காலம். என் கிழவர் கதையைவிட இது எத்தனை மடங்கு பெரிய கதை! அச்சாகிவிட்டது, என்ன செய்ய. அந்த ஆசிரியைக்கு நன்றி சொல்லி, அடுத்த தொகுப்பில் கதையைச் சேர்க்காமல் விட்டேன்.

கள்ளிப்பாறையில் இன்னொன்றும் நடந்தது. படம் பரவிய வேகத்தில் கூட்டமும் பரவியது. பூவை மிதித்து, பிடுங்கி, பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வந்தார்கள். என் கதையைப் படித்துவிட்டு யாரும் போயிருக்க மாட்டார்கள், அவ்வளவு வாசகர்கள் எனக்குக் கிடையாது. ஆனால் நானும் அந்தப் படத்தை நாலு குழுவில் தள்ளிவிட்டவன்தான்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொன்னால் உங்களுக்குத் தைரியம் வரும். ஆண்டி வெயர் என்ற கணினிக்காரர் 2009 முதல் ‘த மார்ஷியன்’ நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். படித்தவர்களில் வேதியியல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இது இப்படி எரியாது, அந்தக் கணக்கு தப்பு என்று எழுதி அனுப்பினார்கள். அவரும் திருத்தினார். செவ்வாயில் வீசும் அந்தப் புயல் மட்டும் நடக்காத காரியம், அங்கே காற்று அவ்வளவு மெல்லியது. அது அவருக்கும் தெரியும், வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். கதையைத் தொடங்கிவைக்க அது வேண்டும் என்று வைத்துக்கொண்டார். தெரிந்து செய்த பிழையை நான் மன்னிக்கிறேன். குறிஞ்சியில் நான் செய்தது தெரியாமல் செய்தது.

திருத்தம் வந்தும் யாரும் படிக்காத கதை ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலிருந்து மலையைத் தாண்டினால் தேனிப் பக்கம், போடியை அடுத்த பொட்டிப்புரம். மலையைக் குடைந்து, நான்கு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை மூடியிருக்க, உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி வைத்து நியூட்ரினோவைப் பார்க்கலாம் என்று திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பிறகு போனில் வந்தது உங்களுக்கும் வந்திருக்கும், அல்லது உங்கள் அப்பாவுக்கு: நியூட்ரினோ கதிர்வீச்சு புற்றுநோய் தரும், அமெரிக்காவிலிருந்து பூமியைத் துளைத்துக்கொண்டு நியூட்ரினோ அனுப்பப் போகிறார்கள், முல்லைப்பெரியாறும் இடுக்கி அணையும் உடையும்.

அது அறிவியல் புனைகதை, தம்பி. தமிழில் இதுவரை அதிகம் பேர் படித்த அறிவியல் புனைகதையும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் மட்டமான கதை. உங்கள் கட்டைவிரல் நகத்தின் மீது, இதைப் படிக்கிற இந்த நொடியில், சூரியனிலிருந்து சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் விழுந்து மறுபக்கம் போய்விட்டன. ராத்திரியிலும் போகும், பூமியைத் துளைத்துக்கொண்டு கீழேயிருந்து மேலே. அநேகமாக எதையும் தொடாது, அதனால்தான் பிடிப்பது அவ்வளவு கடினம். மலை எதற்கு என்றால் மற்ற துகள்களை வடிகட்ட. நியூட்ரினோவுக்கு மலையும் ஒன்று, மஸ்லின் துணியும் ஒன்று. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவை உலகிலேயே முதல் முறையாகக் கண்டவர்களில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் உண்டு. தங்கம் தோண்டத் தமிழர்கள் பரம்பரையாக இறங்கிய அதே சுரங்கம். அந்தச் சுரங்கத்துக் கூலிக்காரர் ஒருவர் தலைக்கு மேலே அந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்ததை இதுவரை யாரும் தமிழில் கதையாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதலாம்.

இந்த விளக்கங்களையெல்லாம் விஞ்ஞானிகள் சொன்னார்கள். தாமதமாகச் சொன்னார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் சொன்னார்கள். அதற்குள் முதல் கதை ஊர் சுற்றிவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று. ஜனங்களின் நியாயமான கேள்விகள், அந்த மலையில் வெடி வைத்தால் என்ன ஆகும், உடைத்த கல்லை எங்கே கொட்டுவார்கள், தண்ணீருக்கு என்ன வழி, யானையும் புலியும் போகிற தடம் என்ன ஆகும், இவையெல்லாம் அந்தக் கதிர்வீச்சுக் கதைக்கு அடியில் புதைந்துபோயின. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்துக்குத் தந்திருந்த சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது நியூட்ரினோவுக்காக அல்ல. கேரள எல்லையிலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தது. அனுமதி வாங்கிய முறை போதாது, அவ்வளவுதான். 2018இல் மறுபடி அனுமதி கிடைத்தது. 2022இல் தமிழ்நாடு அரசு இத்திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டது. குகை இன்னும் தோண்டப்படவில்லை.

மதிகெட்டான் சோலை! உள்ளே போனவனுக்கு வழி மறந்து மதி கெடும் என்பதால் வந்த பெயர் என்பார்கள். ஒரு துகளைப் பற்றி இரண்டு மாநிலம் மதிகெட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் காடு இருப்பதைக் கதையில் எழுதினால், பெயரை நீர் வேண்டுமென்றே வைத்தீர் என்று விமர்சகர் சொல்வார்.

இந்த வரிசையில் கடைசியாக ஒரு தவளை. 2023இல் கர்நாடகத்தில் குதுரேமுக் அடிவாரத்தில் உயிருள்ள ஒரு தவளையின் விலாவில் சின்னக் காளான் முளைத்திருந்ததை ஒருவர் படம் எடுத்தார். படம் இணையத்தில் ஏறியதும், உலகம் அழியப்போகிறது என்று அலறியவர்களுக்கு நடுவே காளான் ஆராய்ச்சியாளர்கள் வந்து இது மைசீனா வகை, மட்கிய மரத்தில் முளைப்பது என்றார்கள். உயிருள்ள உடம்பில் ஏன் என்பதற்கு இன்னும் பதில் இல்லை. தவளையைப் பிடிக்கவில்லை, அது தன் வழியில் போய்விட்டது. இதை நான் எழுத மாட்டேன், உங்களுக்கு விட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் வாத்தியார் விஷயம். அவரோடு சண்டை போட வேண்டாம். போனில் கண்டதைக் கதையாக எழுதாதே என்று அவர் சொன்னால் அது சரி. நான் செய்வது இவ்வளவுதான்: ஒரு படம் பிடித்துப்போனால் அதன் கீழே உள்ள பேச்சை முழுக்கப் படிப்பேன், அதில் அலட்டாமல், ‘எனக்குத் தெரியவில்லை, ஆனால்’ என்று ஆரம்பிக்கிறவர்களைக் குறித்து வைப்பேன். அவர்கள் சொன்ன பெயரை நோட்டில் எழுதி, அந்தப் பெயரில் கட்டுரை இருக்கிறதா என்று தேடுவேன். ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் புரிந்தால் போதும். புரியாவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுவேன். பத்துக்கு ஆறு பேர் பதில் போடுகிறார்கள். எஸ்டேட்டிலிருந்து எழுதுகிறேன் என்று சொல்லுங்கள், எட்டுப் பேர் போடுவார்கள்.

உங்களிடம் சென்னை எழுத்தாளர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் மலையாளம் படிப்பீர்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தை 1962இல் கோழிக்கோட்டில் தொடங்கியவர்களே அறிவியல் எழுத்தாளர்கள்தான். அவர்களுடைய ‘லூக்கா’ தளத்தில் மலையாளத்தில் நல்ல அறிவியல் வருகிறது. நம் பக்கத்துக்கு அறிவியல் இயக்கத்தாரின் ‘துளிர்’ இருக்கிறது. இரண்டையும் படிக்கத் தெரிந்தவனுக்கு இந்த எல்லை ஒரு வேலியாகவே இருக்காது. எல்லையில் பிறந்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பக்கமும் நம்மைக் கேலி செய்வார்கள், எனக்கும் நடந்தது. அதற்கு இதுதான் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷுவுக்கு வெகு முன்னாலேயே எங்கள் தெருக் கொன்றை பூத்து உதிர்ந்துவிட்டது. இப்படி மரங்கள் பூப்பதை எழுதி வைக்கிற ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் தங்கையைச் சேர்த்துவிடுங்கள். கதை எழுதாவிட்டாலும் மரத்தைப் பார்ப்பாள்.

ஒரு வேலை உங்களிடம் கேட்கப் போகிறேன். 2003இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி பாசூட்டும் உங்கள் இடுக்கியிலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்றை உலகத்துக்கு அறிவித்தார்கள். கட்டப்பனைப் பக்கம், ஏலத்தோட்டத்தை ஒட்டிய காட்டில் கிடைத்தது. நெருங்கிய உறவு அரபிக்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில். வருடம் முழுக்க மண்ணுக்கு அடியில் கறையானைத் தின்றுகொண்டிருக்கும். முதல் மழைகளில் சில நாள் மட்டும் மேலே வந்து முட்டையிட்டுவிட்டுத் திரும்பிவிடும். வருடத்துக்கு ஒரு முறை பாதாளத்திலிருந்து வருவதால் மாவேலித் தவளை என்றும் பெயர். மேலே வருவதற்கு முன் ஆண் தவளை மண்ணுக்குள்ளிருந்தே கூப்பிடும். காணொளியில் கேட்டிருக்கிறேன், எனக்குக் கோழி கேறுவது மாதிரி இருந்தது. நேரில் கேட்டதில்லை. கணவாய்க்கு இந்தப் பக்கம் சமவெளியில் அது இல்லை.

கோடை மழை தொடங்கிவிட்டது. எடவப்பாதிப் பருவமழைக்கு இன்னும் சில வாரம்தான். லயத்துக்குக் கீழே ஓடை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, ராத்திரி மழை விட்டதும் போய் நின்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், யானை வருகிற பக்கம். மண்ணுக்குள்ளிருந்து கோழி கேறினால் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஓடை என்று மட்டும் ஊரறியப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து
உங்கள் அண்ணன்